ஒரு கட்டிலுக்கு எத்தனை காலேஜ்?

காட்டுப்பாக்கத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் கவனிப்பது காலேஜ் பஸ்களைத்தான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிடும். இன்ஜினியரிங் பஸ், டென்டல் பஸ், ஃபார்மசி பஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் நர்சிங் பஸ். நர்சிங் பஸ்ஸை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஜன்னல் ஓரம் எல்லாத் தலையும் ஒரே மாதிரி கொண்டை போட்டிருக்கும், பாதித் தலை தூங்கிக்கொண்டிருக்கும்.

மற்ற பஸ்கள் காலேஜுக்குப் போகின்றன. நர்சிங் பஸ் பல நாள் காலேஜுக்குப் போவதில்லை, ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்த ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் என்ன உறவு, அதை எப்படி எடைபோடுவது என்பதுதான் இன்றைக்கு எழுத எடுத்துக்கொண்ட விஷயம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இந்த மாதிரி ஒப்பந்தங்கள் ஃபைலாகக் கட்டப்பட்டு மேஜைக்கு மேஜை நகர்வதைப் பல வருடம் பார்த்த குமாஸ்தா. அந்த ஒரு தகுதிதான்.

இன்னொரு தகுதியையும் சொல்லிக்கொள்ளலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் ப்ரெவே வரை படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் ‘ஸ்தாஜ்’ என்று ஒரு வார்த்தை உண்டு. படிக்கிற காலத்திலேயே ஒரு வேலை இடத்தில் போய் இருந்து, வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது. தமிழில் ‘பயிற்சி’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பயிற்சியை வீட்டு வாசலில் தனியாகக்கூடச் செய்யலாம். ஸ்தாஜ் என்றால் ஒரு இடமும் வேண்டும், ஒரு ஆளும் வேண்டும். நர்சிங் படிப்பில் தகராறு வருவது இந்த இரண்டில்தான்.

முன் காலத்தில் இந்தத் தகராறு கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் பின்னால் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. சென்னையில் 1835-ல் மருத்துவப் பள்ளி வந்தபோது அது இருந்ததே பொது மருத்துவமனையோடு ஒட்டித்தான். அதே மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் மருத்துவப் பள்ளி, 1946-ல் நர்சிங் கல்லூரி. வரிசையைக் கவனியுங்கள். முதலில் நோயாளி, அப்புறம் ஆஸ்பத்திரி, அதற்கும் அப்புறம்தான் பள்ளிக்கூடம். ஆள் பற்றவில்லை, ஆகவே ஆள் தயார் செய்தார்கள்.

இப்போது பல இடங்களில் வரிசை தலைகீழ். முதலில் நிலம், அப்புறம் கட்டடம், அப்புறம் அட்மிஷன், கடைசியில் நோயாளி எங்கே என்று தேடல். எங்கள் பக்கத்திலேயே போரூர் ராமச்சந்திரா, தண்டலம் சவீதா மாதிரி சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேடல் இல்லை. சின்ன காலேஜ்களுக்கு உண்டு. தேடிக் கிடைத்ததும் போடுகிற பேப்பர்தான் எம்.ஓ.யூ. என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம்.

விதி இல்லாமல் இல்லை. 1947 சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. பி.எஸ்ஸி. நர்சிங் நடத்த 100 படுக்கை உள்ள தாய் மருத்துவமனை வேண்டும். வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி வேண்டும். கட்டில் போட்டால் போதாது, முக்கால்வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும். நல்ல விதிதான். குமாஸ்தாக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கட்டிலில் 75 நோயாளி. ஒரு மாணவிக்கு மூன்று பேர் என்றால் ஒரே நேரத்தில் 25 மாணவிகள் நிற்கலாம். காலேஜில் வருடத்துக்கு 60 சீட், நாலு வருடத்துக்கு 240 பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு நாள் போஸ்டிங்கில் இருந்தாலே 80 பேர். 80 பேருக்கு 240 நோயாளி வேண்டும். மீதி 165 பேருக்கு எங்கே போவது? வேறு ஆஸ்பத்திரியோடு அஃபிலியேஷன். இதில் தப்பே இல்லை. குழந்தைகள் வார்டு, மனநலம் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது, வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

தப்பு எங்கே நுழைகிறது என்பதை ஒரு மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை. ஒரே மாதத்தில் மூன்று காலேஜின் பேப்பர்கள் என்னிடம் வந்தன. மூன்றிலும் ஒரே ஆஸ்பத்திரி, மூன்றிலும் அதே 300 கட்டில். ஒவ்வொரு காலேஜும் அந்த 300-ஐயும் முழுசாகத் தன் கணக்கில் காட்டியிருந்தது. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் கச்சிதம். மூன்று ஃபைலையும் ஒன்றாகக் கட்டி, “இந்தக் கட்டில்கள் மற்ற இரு கோப்புகளிலும் காட்டப்பட்டுள்ளன” என்று நோட் எழுதி மேலே அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. “ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியா ஒழுங்காத்தானே இருக்கு? ஏன் சேர்த்துக் கட்டினீங்க?” என்று கேட்டார் அதிகாரி. அவர் சொன்னது உண்மை. தனித்தனியாக எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தன. ஒரே மாட்டை மூன்று சந்தையில் விற்றாலும் ஒவ்வொரு சந்தையின் ரசீதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே காகிதத்தில் மட்டும் இருக்கும் நர்சிங் காலேஜ்கள் பற்றி வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யையே அனுப்பியது. 300-க்கும் மேற்பட்ட காலேஜ்களைப் பார்த்துவிட்டு, அதில் 169 சரியாக இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். 2024 மே மாதம் என்ன ஆயிற்று? நல்ல அறிக்கை கொடுக்க லஞ்சம் வாங்கினார்கள் என்று, பார்க்கப் போன தன் அதிகாரிகளையே சி.பி.ஐ. கைது செய்தது. அப்புறம் அந்த 169 காலேஜையும் மறுபடி பார்க்க வேண்டும், மாஜிஸ்திரேட் கூட இருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்ல வேண்டி வந்தது. பார்க்கப் போகிறவர் கட்டில்களை எண்ணுகிறார். மாணவிகள் அந்தக் கட்டில் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போக வேண்டும். யார் போவது?

எனக்கு அப்படிப் போக ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் அடுத்த தெருவில் ஒரு நண்பர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங்தான் படிப்பேன் என்று நின்றது. இரண்டு காலேஜில் இடம் கிடைக்கும் போலிருந்தது. “சார், நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு. ரெண்டு காலேஜ் பேப்பரையும் பார்த்துச் சொல்லுங்க. நாலு வருஷ ஃபீஸு சார், என் பி.எஃப். பாதி போயிடும்” என்றார்.

பேப்பரைப் பார்த்தேன். முதல் காலேஜ் வரவேற்பறையில் ஏழு ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்தத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஏ.சி. வகுப்பு, பொம்மை நோயாளிகள் படுத்திருக்கும் லேப் (பொம்மைகள் நம்மைவிட நல்ல மெத்தையில் படுத்திருந்தன). இரண்டாவது காலேஜ் பழைய கட்டடம், ஃபேன் சத்தம். சொந்தமாக ஒரு சுமாரான ஆஸ்பத்திரி, அதோடு அரசு ஆஸ்பத்திரி போஸ்டிங். பேப்பரை மட்டும் வைத்துச் சொன்னால் முதல் காலேஜ்தான்.

நான் நண்பரிடம், “பிரின்சிபாலைப் பார்த்தது போதும், மூணாவது வருஷப் பிள்ளைகளைப் பார்க்கணும்” என்றேன். சாயந்திரம் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியிருந்தாலும் தனியாகப் போய்க் காலேஜ் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடி விழும். அவள்தான் பேசினாள். நான் பக்கத்தில் கிழவனாக நின்றேன்.

முதல் காலேஜ் பெண்கள் நல்ல பிள்ளைகள், கலகலவென்று பேசினார்கள். “வார்டுக்குப் போனா ‘எந்தக் காலேஜும்மா நீங்க?’னு சிஸ்டருங்க கேப்பாங்க ஆன்ட்டி. தினமும் கேப்பாங்க” என்று ஒரு பெண் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஒரே வார்டில் நாலு கலர் யூனிஃபார்ம் நிற்குமாம். பெட்ஷீட் மாற்றுவார்கள், பி.பி. பார்ப்பார்கள், ஒரே நோயாளிக்கு ஒரு காலையில் ஆறு பேர். அவர் ஆறாவது ஆளிடம் கையைக் கொடுக்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இவர்களோடு வருகிற காலேஜ் டீச்சருக்கு அங்கே ஊசி மேஜையைத் தொடக்கூட உரிமை இல்லை. ஆஸ்பத்திரி சிஸ்டருக்கோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரோ. வார்டில் நிற்கும் அந்த அம்மாவை யாரும் கேட்கவே இல்லை.

இரண்டாவது காலேஜ் பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்: “எங்க வார்டு சிஸ்டர் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. திட்டுறதும் பேரு சொல்லித்தான்.” எனக்கு அப்போதே பாதி முடிவாகிவிட்டது.

அடுத்து லாக் புக். என்னென்ன செய்தோம் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கும் புத்தகம். குமாஸ்தாவுக்கு இதைப் பார்க்கத் தெரியும். ஆறு மாதத்துக் கையெழுத்தெல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால் அது ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது. நாளுக்கு நாள் போட்டதென்றால் மை மாறும், ஒரு இடத்தில் டீக் கறை இருக்கும், ஒரு இடத்தில் அவசரத்தில் கோடு மட்டும் இழுத்திருக்கும். இரண்டு காலேஜ் புத்தகத்தையும் என் மனைவி கெஞ்சி வாங்கிக் காட்டினாள். எது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிரசவக் கணக்கு தனிக் கதை. பழைய பாடத்திட்டத்தில் ஒரு மாணவி 20 சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரியில் 60-க்கும் மேல். ஆகவே தனியார் ஆஸ்பத்திரியோடு மட்டும் ஒப்பந்தம் போட்ட காலேஜில் சுகப்பிரசவத்துக்கு எங்கே போவது? ஒரு குழந்தை பிறந்தால் சுற்றி நின்ற அத்தனை பேர் புத்தகத்திலும் அது பிறந்துவிடும். இந்தச் சிக்கல் கட்டில் எண்ணிக்கையில் தெரியவே தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சில இடத்தில் மாணவிகள் மிகவும் உபயோகமாகிவிடுகிறார்கள். ஸ்டாஃப் நர்ஸ் போடவேண்டிய இடத்தில் ராத்திரி டியூட்டிக்கு மாணவிதான் நிற்கிறாள். கை பழகுகிறது, சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பழகிய கை அது. மாணவிகள் ஒரு வாரம் வராவிட்டால் ஆஸ்பத்திரி ஸ்தம்பித்துவிடும் என்றால் அந்த உறவு கூலியில்லாத வேலை. வராததே யாருக்கும் தெரியாது என்றால் அது வேடிக்கை பார்ப்பது. வராத அன்றைக்கு “எங்கே அந்தப் பிள்ளைங்க?” என்று கேட்க ஒருவராவது வேண்டும்.

பிரான்சில் இதை வேறு மாதிரி பிடித்தார்கள். ரொபேர் தெப்ரே என்ற குழந்தை மருத்துவர் முன்னின்று நடத்திய 1958 டிசம்பர் சீர்திருத்தத்தில், மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் ஒரே அமைப்பாகக் கட்டப்பட்டன. பாடம் நடத்தும் பேராசிரியர் அதே ஆஸ்பத்திரியின் வைத்தியரும்கூட. நர்சிங்குக்கு 2009-ல் புது விதி. மூன்று வருடத்தில் 4,200 மணி நேரம், அதில் சரிபாதி 2,100 மணி ஸ்தாஜ். எனக்குப் பிடித்தது மணிக்கணக்கு அல்ல. மாணவி போகும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று பொறுப்பு இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்தாஜ் ஏற்பாட்டுக்குப் பொறுப்பு ஒருவர், அவள் எவ்வளவு கற்றாள் என்று பார்ப்பவர் ஒருவர், அன்றன்றைக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒருவர். நம் எம்.ஓ.யூ.வில் இரண்டு சேர்மன்களின் பெயர் இருக்கும், சாட்சி இருவர் பெயர் இருக்கும். வார்டு சிஸ்டர் பெயர் இருக்கும் ஒப்பந்தத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இதுவரை ஆஸ்பத்திரியைச் சொன்னேன். எங்கள் தெருவும் ஒரு பயிற்சிக் களம்தான் என்பது உங்களில் பலருக்குத் தோன்றியிருக்காது. சமுதாய நர்சிங் போஸ்டிங் என்று மாணவிகள் வீடு வீடாக வருவார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு படிவம். “வீட்ல எத்தனை பேர் தாத்தா? தண்ணி காய்ச்சிக் குடிப்பீங்களா? கொசுவலை இருக்கா?” பி.பி. பார்ப்பார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நான் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு நோட்டில் தேதி எழுதிவைக்க ஆரம்பித்தேன். ஒன்பது வருடத்தில் பதினாறு முறை வந்திருக்கிறார்கள், நாலு காலேஜ். பதினாறு முறையும் எங்கள் வீட்டில் இரண்டே பேர் என்று சொல்லியிருக்கிறேன். கடைசிப் பத்திக்கு ‘மறுபடி வந்தார்களா’ என்று தலைப்புப் போட்டு வைத்தேன். அது வெகுநாள் காலியாகவே இருந்தது.

ஒரு காலேஜ் மட்டும் வேறு மாதிரி செய்தது. அதன் டீச்சரம்மா ஒவ்வொரு மாணவிக்கும் அதே ஐந்து வீடு, போஸ்டிங் முடியும்வரை அதே வீடு என்று பிரித்துக்கொடுத்திருந்தார். அடுத்த பேட்ச் வந்தபோது பழைய ரிஜிஸ்டரோடு வந்தது. “போன தடவை அம்மாவுக்கு பி.பி. 160 இருந்திருக்கு, மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று ஒரு பெண் என் மனைவியிடம் கேட்டபோது, நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எதிர் வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண்ணை யாரிடமும் சொல்லாமல் துணி சுற்றி மறைத்து வைத்திருந்தார். முதல் தடவை வந்த பெண்ணிடம் காட்டவில்லை. மூன்றாவது தடவை அதே பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் காட்டினார். அந்தப் பெண் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, அவர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒரு விரலோடு போயிற்று. இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார்களாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்ததிலிருந்து பாட்டிக்கு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது.

வேலூர் சி.எம்.சி. கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறது. மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஊர்கள் மாறுவதில்லை. எங்கள் தெருவோடு யாரும் எம்.ஓ.யூ. போடவில்லை, போடவும் மாட்டார்கள். போட்டால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: போன தடவை எழுதிக்கொண்டு போனதை இந்தத் தடவை கொண்டுவாருங்கள்.

நண்பரின் மகள் இரண்டாவது காலேஜில்தான் சேர்ந்தது. பொம்மை லேப் இல்லையே என்று அவள் அம்மாவுக்குக் கொஞ்ச நாள் குறை இருந்தது. இப்போது மூன்றாம் வருடம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து லாக் புக்கை என் முன்னால் போட்டது, கோபமாக. டிரிப்ஸ் ஊசி ஏற்றியதை ‘செய்தது’ என்ற பத்தியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. வார்டு சிஸ்டர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘பார்த்தது’ பத்தியில் மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“நான்தான் தாத்தா ஏத்துனேன். அவங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்.”

“கையை விட்டுட்டு ஏத்துனா மாத்தி எழுதுவாங்களா?”

“அடுத்த புதன்கிழமை விடுறேன்னு சொல்லியிருக்காங்க.”